தோற்றவர் கண்ணாடி துடைக்க வேண்டும்

பெருமாநல்லூர் சாலையில் அந்தப் பழைய பனியன் கம்பெனிக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஒரு கல்யாணத்துக்காகத் திருப்பூர் போனவன், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே போய்ப் பார்த்தேன். வண்டிக் கொட்டகை இருந்த இடத்தை நாலு பக்கமும் சுவர் வைத்து அடைத்து, டியூப் லைட் போட்டு, துணி சரிபார்க்கும் அறையாக மாற்றியிருந்தார்கள். நீள மேசைகளின் இரு பக்கமும் பெண்கள் நின்று, சட்டைகளைத் திருப்பிப் பார்த்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தரை மட்டும் பழைய சிமெண்டுத் தரை. ஒரு மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "அடியில ஒரு கறை இருக்குதுங்க. சோடா போட்டு, ஆசிட் ஊத்தி, என்னென்னமோ பண்ணிப் பாத்தாச்சு, போக மாட்டீங்குது. வெள்ளத் துணி விழுந்தா வீணாப் போயிருமுங்களே" என்றார் அங்கே பொறுப்பாக இருந்த பெண். அவரிடம் கேட்டுக்கொண்டு அட்டையை நகர்த்திப் பார்த்தேன். ஒரு முறம் அளவுக்குக் கறுப்பாக, ஓரங்கள் மங்கி, அப்படியே இருந்தது. அது எஞ்சின் எண்ணெய். எந்த வண்டியின் எண்ணெய் என்று எனக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தாராபுரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் மழை இல்லாமல் கிணறு வற்றியபோது வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஈரோட்டில் லாரி கிளீனர், பம்பாயில் மூட்டை தூக்கும் வேலை, அங்கே காய்ச்சலில் படுத்துப் பிழைத்து, மறுபடி மேட்டுப்பாளையத்தில் லாரி என்று சுற்றிக்கொண்டிருந்தேன். எங்கேயும் கால் தரிக்கவில்லை. டிரைவிங் லைசென்ஸ் ஒன்றுதான் நான் சம்பாதித்த சொத்து. அதை வைத்துத்தான் இந்தக் கம்பெனியில் வேன் ஓட்டச் சேர்ந்தேன். அப்போது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அறுபதுகள் முடியும் காலம். சலவைப் பட்டறைக்குத் துணி கொண்டுபோவது, காயவைத்த துணியை ஏற்றி வருவது, ரயிலுக்குப் பெட்டி கொண்டுபோவது, இதுதான் வேலை. முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும். சட்டை போட மாட்டார். தன் கம்பெனி பனியனும் வேட்டியும்தான். கையை மடித்துக்கொண்டு நிட்டிங் மிஷினுக்குள் தலையை விடுவார். அப்படிப்பட்ட மனிதர் கொட்டகையில் ஒரு லண்டன் வண்டி வைத்திருந்தார் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, சைக்கிள் சக்கரம்போலக் கம்பி போட்ட சக்கரங்கள், தோல் இருக்கை, மேலே மடக்கும் கித்தான் கூரை. வால்பாறையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அந்த வண்டிக்கு ஒரு எதிரி உண்டு. முதலாளியின் சிநேகிதர், சோமனூரில் விசைத்தறி வைத்திருந்த ஒருவர், ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். மலேயாவில் கடை வைத்திருந்த அவருடைய மச்சான் ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த வண்டி. மச்சானுக்கு முதுகுவலி. தரையோடு தரையாக இருக்கும் வண்டியில் ஏறி இறங்க முடியாமல் இவரிடம் தள்ளிவிட்டார். சின்ன வண்டி, சிவப்பு நிறம், வேகமெடுத்தால் கீச்சென்று கத்தும். நாங்கள் எல்லோரும் அவரைச் சோமனூர்க்காரர் என்றே சொல்வோம். நானும் அப்படியே எழுதுகிறேன். முதலாளியைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒல்லியான ஆள், தோளில் எப்போதும் துண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷின்கள் நின்றிருக்கும்போது அவர் வருவார். இரண்டு வண்டிகளையும் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்காருவார்கள். காங்கேயம் மாடு வாங்கப் போகிறவர்கள் கொம்பையும் குளம்பையும் சுழியையும் பார்த்துப் பேசுவதுபோலத்தான் அவர்கள் வண்டி பேசுவார்கள். நெற்றி அகலம், நடை, மூச்சு, வயிறு என்று மாட்டுக்குச் சொல்லும் வார்த்தைகளே வண்டிக்கும் வரும். இதில் ஒரு சட்டம் உண்டு. எதிராளி வண்டியை எவ்வளவு வேண்டுமானாலும் குறை சொல்லலாம். தன் வண்டியைத் தானே குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர் தோற்றவர். தோற்றவர், தையல் மேசைக்கு அடியில் கிடக்கும் பனியன் துணி வெட்டில் ஒரு கைப்பிடி எடுத்து வந்து, ஜெயித்தவரின் வண்டிக்குக் கண்ணாடி துடைத்துவிட வேண்டும். வெறும் விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு பேரும் கம்பெனிக் கணக்கைவிட அதைப் பெரிதாக மதித்தார்கள்.

"என்ன தம்பி, நீ மூணு தெரு தள்ளி வரும்போதே சத்தம் கேக்குது. எவனோ தையல் மிஷினை ரோட்டுல ஓட்டிட்டு வர்றான்னு நெனச்சேன்" என்று முதலாளி ஆரம்பிப்பார்.

"தையல் மிஷின் சத்தம் திருப்பூர்க்காரருக்கே கசக்குதுங்களா? அந்தச் சத்தந்தானுங்ணா உங்களுக்கு லண்டன் வண்டி வாங்கிக் குடுத்துச்சு" என்பார் சோமனூர்க்காரர். பிறகு குனிந்து தரையைப் பார்ப்பார். "ஏனுங்ணா, நின்ன எடத்துக்கெல்லாம் அடையாளம் வெச்சுட்டே போகுதுங்களே. திரும்பி வர்றதுக்கு வழி தெரியாதுங்களா இதுக்கு?"

"உசுரு இருக்கறது வேர்க்கும். உன்றது தகரம். தகரத்துக்கு எங்கிருந்து வேர்வை வரும்?"

"என்ற வண்டி நின்ன எடம் தெரியாதுங்ணா. வந்துச்சு, போச்சு, அவ்வளவுதான். அதுதானுங்க மருவாதி."

வெயில் ஏறுவதற்குள் அவிநாசி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவார்கள். நான் முதலாளிக்குப் பக்கத்து இருக்கையில். போகும்போது அவரவர் வண்டி. அவிநாசியில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது வண்டியை மாற்றிக்கொள்வார்கள். அதனால் இரண்டு வண்டியின் குணமும் இரண்டு பேருக்கும் தெரியும். வண்டிகளை எடுத்து நிறுத்துவது நான் என்பதால் எனக்கும் தெரிந்தது. லண்டன் வண்டி நேர்ச் சாலையில் நிதானமாக இழுக்கும். அதன் சத்தம் அடிவயிற்றில் கேட்கும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலிக்கும். கிளட்சை மிதிக்கத் தொடையில் பலம் வேண்டும். ஜப்பான் வண்டியில் எல்லாம் லேசு. கியர் விரல் நுனியில் விழும். கிளட்ச், பஞ்சுப் பொதியில் கால் வைத்ததுபோல இறங்கும். ஆனால் அதில் உட்கார்ந்தால் ஒரு மிஷினை இயக்குவதுபோலத்தான் இருக்கும். மற்றதில் ஏதோ ஒரு பிராணியைச் சமாளிப்பதுபோல இருக்கும். எது பெரிது என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அந்த நாட்களில் சோமனூர்க்காரர் தோற்று நான் பார்த்ததில்லை. முதலாளி அவ்வப்போது தோற்பார். ஒரு மழைநாளில் அவிநாசிக்கு இந்தப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வர, லண்டன் வண்டியின் விளக்கும் வைப்பரும் ஒன்றாக நின்றுபோயின. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கி நின்ற முதலாளி, "இந்த லைட்டு போட்டவனைக் கட்டி வெச்சு ஒதைக்கோணும்" என்றுவிட்டார். பின்னால் வந்து நின்ற வண்டியிலிருந்து தலையை நீட்டி, "அண்ணா, தோத்துட்டீங்க" என்றார் சோமனூர்க்காரர். மறு ஞாயிறு முதலாளி முனகிக்கொண்டே சிவப்பு வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். இந்தக் கம்பெனியில் நான் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதற்கு ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு பொங்கல் கழிந்த வாரம், சலவைப் பட்டறையில் பேசிக்கொண்டு நின்ற முதலாளி அப்படியே சரிந்து விழுந்தார். வேனில் துணி மூட்டைகளைத் தள்ளிப் போட்டுவிட்டு, நான்தான் அவரைப் படுக்கவைத்துக் கோயமுத்தூர் கொண்டுபோனேன். பக்கவாதம். இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் கையும் மெல்லத் திரும்பின. கால் திரும்பவில்லை. தடி ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்குத் தேறினார். கம்பெனிக்குள் வந்தார், மிஷினைப் பார்த்தார், திட்டினார். எல்லாம் பழையபடி என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். வண்டி மட்டும் கொட்டகையில் நின்றது. வாரத்துக்கு ஒருமுறை அதை எடுத்து ஒரு சுற்று ஓட்டிவர என்னிடம் சொல்வார். திரும்பி வந்து நிறுத்தியதும் டிரைவர் இருக்கையில் தன்னை உட்கார வைக்கச் சொல்வார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கிளட்சின் மேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார். கால் நழுவும். "கல்லு மாதிரி இருக்குது பாரு. வெள்ளக்காரன் அவனோட காலுக்குச் செஞ்சது" என்பார். அது சட்டப்படி தோல்வி. ஆனால் பக்கத்தில் சோமனூர்க்காரர் இருக்க மாட்டார், நான் மட்டும்தான்.

சோமனூர்க்காரர் ஞாயிறு தவறாமல் வந்தார். ஒருமுறை மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, என்றதை ஓட்டிப் பாருங்களே. கிளட்சு லேசுங்க, உங்களுக்குத் தெரியாததா?" முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஊனக்காலுக்கு ஜப்பான் வண்டின்னு ஊரு சிரிக்கறதுக்கா?" என்றார். அதற்குப் பிறகு சோமனூர்க்காரர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முதலாளியம்மா, கம்பெனியை ஒட்டிய வீட்டின் சமையல்கட்டு வாசலில் நின்று என்னிடம் வருத்தப்பட்டார். "ஓட்டோணும்னு உசுரு துடிக்குது. ராத்திரியெல்லாம் படுத்துட்டே காலை அமுத்தி அமுத்திப் பாக்கறாரு. அந்தத் தம்பி வண்டியில ஏறுனா என்ன கொறஞ்சு போகுது? வீம்பு, வேற என்ன?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் அவர் லண்டன் வண்டியின் கிளட்சைத் திட்டிக்கொண்டிருந்தபோது, "சோமனூர்க்காரர் வண்டி லேசுதானுங்களே" என்று நானும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "லேசுன்னு எனக்கும் தெரியும் கண்ணு. அதுலயும் முடியலீன்னா பொறவு எதைக் குத்தம் சொல்றது?" என்றார். வீம்பு என்று நாங்கள் நினைத்தது பயம். கல்போன்ற கிளட்ச் ஒன்று இருக்கும்வரை அவர் கால் செத்ததாக ஆகவில்லை. அதைப் பணயம் வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

சித்திரை மாதம் கோயமுத்தூரிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மேல் பைத்தியம். மரியாதையான பிள்ளை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், சக்கரக் கம்பிகளைத் தடவிப் பார்த்தார். "தப்பா நெனைக்காதீங்க ஐயா. ஓட்டாம நின்னா இது கெட்டுப்போயிருமுங்க. உங்களுக்கு ஓட்டற உத்தேசம் இருந்தா நான் கேக்கவே மாட்டேன்" என்றார். முதலாளி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. வண்டி ஓட்டுகிறவனிடம்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சியும்தான்; பலரிடம் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். "அடுத்த வாரம் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தார். அந்த வாரம் முழுக்க அவர் மிஷின் பக்கமே வரவில்லை.

ஞாயிறு வந்தது. சோமனூர்க்காரர் வண்டியை வாசலில் வெயிலில் விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். நான் அதை எடுத்து வேப்பமர நிழலில் நிறுத்தினேன். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நாற்காலிகளைப் போட்டேன். முதலாளி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார், உட்காரவில்லை. சிவப்பு வண்டிக்கு எதிரே போய் நின்று கையை நீட்டினார்.

"தம்பி, சாவியைக் குடு."

சோமனூர்க்காரர் உடனே சாவியைக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பிடித்து உட்காரவைத்தோம். சோமனூர்க்காரர் சுற்றிப்போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினார். நான் வண்டிக்கு முன்னால் ஒதுங்கி நின்றேன். முதலாளியம்மா வீட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி காலைத் தூக்கி வைத்து, சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்தது. அவர் தோள் முன்னால் வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கியர் விழும்போது பல்லோடு பல் உரசும் சத்தம் கேட்டது. வண்டி ஒருமுறை எகிறி நின்றுபோனது. மறுபடி திருப்பினார். மறுபடி அதே. அடுத்த முறை அவர் சாவியைத் தொடவில்லை. காலைக் குனிந்து பார்த்தார். அது கிளட்சிலிருந்து நழுவித் தரையில் கோணலாகக் கிடந்தது. நழுவியது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

"அண்ணா, எறங்குங்க" என்றார் சோமனூர்க்காரர். குரல் எப்போதும்போலவே இருந்தது. "உங்க காலு இல்லீங்க. கிளட்சு ரெண்டு வாரமா புடிச்சுக்குது. நானே ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சுத்தான் வந்தேன். சொன்னாத் தோத்துப்போயிருவனேன்னு மறைச்சுட்டனுங்க."

அரை மணிக்கு முன்னால் அதே கிளட்சை மிதித்து அந்த வண்டியை நிழலுக்குக் கொண்டுவந்தவன் நான். பஞ்சுப் பொதிபோல இறங்கியது. முதலாளி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சோமனூர்க்காரர் பக்கம் திரும்பினார்.

"அப்ப தோத்தியா?"

"தோத்தேனுங்க."

"ஜப்பான்காரன் தகரம்னு எத்தனை நாளாச் சொல்றேன்."

"நீங்க சொன்னது சரிதானுங்ணா."

அவரை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். சோமனூர்க்காரர் தையல் மேசைப் பக்கம் போய் வெட்டுத் துணி ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தார். லண்டன் வண்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மூன்று மாதத்துப் பஞ்சுத் தூசி ஓரமெல்லாம் படிந்திருந்தது. வாயால் ஊதி ஊதி, மூலைகளில் விரலை விட்டு, நிதானமாகத் துடைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் துடைத்தார். பார்த்துக்கொண்டே இருந்த முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கோயமுத்தூர்ப் பையனுக்குச் சொல்லிப்போடு. வண்டி குடுக்கறதில்லை" என்றார்.

மறு ஞாயிறு சோமனூர்க்காரர் பஸ்ஸில் வந்தார். வண்டியைக் கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் விட்டிருப்பதாகச் சொன்னார். கிளட்சுக்குச் சாமான் கிடைக்கவில்லையாம். விசாரித்தேன், உண்மையாகவே அங்கே விட்டிருந்தார். ஒன்றும் பழுதில்லை என்று பட்டறைக்காரர் சொன்னபோது, இருக்கட்டும், வேண்டும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். வைகாசியும் ஆனியும் பஸ்ஸிலேயே வந்தார். செருப்பெல்லாம் புழுதியாக வந்து உட்கார்ந்து, இல்லாத வண்டிக்காக வாதாடினார். ஆடியில் ஒருநாள் காலையில், நான் துணி ஏற்றிக்கொண்டிருந்தபோது முதலாளி தடியைத் தட்டிக் கூப்பிட்டார். "சோமனூருக்குப் போய் அவங்கிட்டச் சொல்லு. இந்நேரம் கிளட்சு சரியாகியிருக்கும். எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார். நான் கிளம்பும்போது, "அதுல நான் ஏற மாட்டேன்னும் சொல்லு" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். தறிச் சத்தத்தில் முதலில் காதில் விழவில்லை. வெளியே கூட்டிவந்து மறுபடி சொன்னேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, வர்றேன்னு சொல்லு" என்றார். அந்த ஞாயிறு சிவப்பு வண்டி கீச்சென்று கத்திக்கொண்டு வந்து நின்றது. "தையல் மிஷின் வந்துருச்சு" என்றார் முதலாளி.

அடுத்த தைக்குள் முதலாளி போய்விட்டார். தூக்கத்திலேயே. கடைசி நாள் வரைக்கும் பச்சை வண்டி கொட்டகையில், அதே இடத்தில், எண்ணெய் சொட்டிக்கொண்டு நின்றது. காரியம் முடிந்த கையோடு நான் வேறு ஊர் பார்க்கக் கிளம்பிவிட்டேன். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு லாரி லோடோடு சோமனூர் போனபோது அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, தறிகளைப் பையன்கள் பார்த்துக்கொண்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குக் கிளட்ச் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "இல்லப்பா, கெட்டுத்தான் இருந்துச்சு. உனக்கு ஞாபகமில்லை" என்றார்.

துணி சரிபார்க்கும் அறையில் அந்தப் பெண் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார். கறைக்கு வலது பக்கம், ஒரு வண்டி நிற்கும் தூரம் தள்ளி, தரையைக் குனிந்து பார்த்தேன். அங்கேதான் சிவப்பு வண்டி நிற்கும். சிமெண்டு வெளுப்பாகச் சுத்தமாக இருந்தது. "அங்க ஒண்ணுமில்லீங்க, இது ஒண்ணுதான்" என்றார் அவர். ஆமாம் என்றேன். அட்டையைப் பழையபடி கறையின் மேல் இழுத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.